கற்குழியில் தேங்கிய மது



இவ்விதழில் யாம் இதுகாறும் எழுதி வந்தவை விரதங்களைப் பற்றியும் பாடசாலைக் கல்வியைப் பற்றியுமே. இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் நம் இல்லங்களில் எவரும் வாய்விட்டுப் பேசாதது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டுகின்றார்களே, அஃது ஏன் என்பதே அப்பொருள். "நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று பக்கத்தைப் புரட்ட எண்ணும் தாய்மார்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் நாள் விடியற்காலை வரையில்.

முதலில் துவாரகையை நினைவுகூர்வோம். ஜினசேனாசாரியர் இயற்றிய அரிவம்ச புராணத்தில் அந்நகர் அழிந்த வரலாறு விரிவாக வருகின்றது. சமவசரணத்தில் பலதேவர் எழுந்து, இந்நகரம் எத்துணைக் காலம் நிலைத்திருக்கும் என்று நேமிநாத பகவானை வினவினார். பன்னிரண்டு ஆண்டுகளில் மதுவின் காரணமாகத் துவீபாயனர் என்பவரால் இது தீக்கு இரையாகும் என்று பகவான் அருளினார். கேட்ட துவீபாயனர் துறவு பூண்டு தொலைதேசம் சென்றார். கண்ணபிரான், நகரில் ஒரு துளி மதுவும் இருத்தலாகாது என்று பறையறைவித்தார். மக்கள் குடங்குடமாகச் சுமந்து சென்று கதம்ப மலைப் பக்கத்துக் கற்குழிகளில் மதுவைக் கொட்டினர். ஆண்டுகள் கடந்தன. மிகுமாதங்களைக் கணக்கிட மறந்த துவீபாயனர், கெடு கழிந்ததென்று எண்ணித் திரும்பி வந்து நகர்ப்புறத்தே யோகத்தில் நின்றார். காட்டில் விளையாடிக் களைத்த யாதவ இளவரசர்கள் நாவறட்சியால் அக்கற்குழி நீரைக் குடித்தனர். பழைய மது அந்நீரில் கலந்திருந்தது. மயங்கித் திரும்பும் வழியில் தவசியைக் கண்டு, "நம் நகரை எரிக்கப் போகின்றவன் இவன்தான்" என்று கல்லெறிந்தனர். அவர் சினங்கொண்டார். பிறகு நிகழ்ந்தது நாம் அறிந்ததே.

சிறுவயதில் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து இக்கதையைச் சொன்னபொழுது, மது தீயது என்ற ஒன்று மட்டுமே எம் மனத்தில் பதிந்தது. முதுமையில் வேறொன்று புலனாகின்றது. புராணம் இதனைக் கூறவில்லை, இஃது எம் எண்ணமே. துவாரகையின் பெரியவர்கள் மதுவை நகருக்கு வெளியே கொட்டினார்கள். கண்ணுக்கு மறைந்ததும் கவலை தீர்ந்ததென்று இருந்தார்கள். கொட்டிய இடம் எது, அந்நீரை ஏன் குடிக்கலாகாது என்பதைப் பிள்ளைகளை அழைத்துச் சென்று எவரேனும் காட்டியிருப்பார்களா?

நாமும் மதுவை வீட்டுக்கு வெளியே கொட்டியவர்கள்தாமே.

எம் ஊர் திண்டிவனத்தை அடுத்தது. எம் பேரன் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதினான். ஏப்ரல் 3 ஆம் நாள் தேர்வுகள் முடிந்தன. மறுநாள் மகாவீர ஜெயந்தி. காலை அபிஷேகத்திற்குக் கலசம் எடுக்க அவன் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. "குயிலாப்பாளையத்தில் நண்பனுடைய உறவினர் வீட்டில் எல்லோரும் கூடுகின்றோம், இரவு அங்கே தங்கிவிட்டு விடியுமுன் வந்துவிடுவேன்" என்றான். ஆரோவில்லுக்குச் செல்லும் வழியில், செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளுக்கு இடையே அமைந்த ஊர் அது. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து வாடகை வண்டிகளில் திரிவதை அங்கு எவரும் காணலாம். யாம் தடை சொல்லவில்லை. தடை சொல்லாதது மட்டுமன்று. வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்ததும் எம் கையே. வண்டி எம் ஓய்வூதியத்தில் வாங்கியது. அவனுக்குப் பதினாறு வயதிலிருந்தே பால் வாங்கவும், எமக்கு மருந்து வாங்கவும், பூசைக்கு மலர் கொண்டு வரவும் அதை ஓட்டி வந்தான். நற்காரியத்திற்குத்தானே என்று மகிழ்ந்திருந்தோம்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். குயிலாப்பாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி எல்லைக்குள் 18 வயது போதும். இவர்களுக்கு அதுவும் நிரம்பவில்லை. ஆயினும் வாங்கித் தர வயது நிரம்பிய ஒருவன் எந்தக் கூட்டத்திலும் இருப்பான். மகாவீர ஜெயந்தியன்று தமிழ்நாட்டில் மதுக்கடைகள் மூடப்படுவது நமக்கெல்லாம் பெருமை. நாளை கடை இராதென்று அவர்கள் இன்றே சற்று மிகுதியாக வாங்கி வைத்தார்கள் என்று பின்னர் அறிந்தபொழுது, அப்பெருமை எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு அவனும் ஒரு தோழனும் புறப்பட்டிருக்கின்றார்கள். நெடுஞ்சாலையில் காவலர் சோதனை இருக்கும் என்று அஞ்சி, கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் சென்று அங்கிருந்து திரும்ப எண்ணினர். மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதற்காக இருள் பிரியாத பொழுதிலேயே பாத்திக்குச் செல்பவர்கள். சாலையோரம் நடந்து சென்ற ஓர் அம்மையார்மீது வண்டி மோதியது. அவருடைய வலது கால் இரண்டு இடங்களில் முறிந்தது. பிள்ளைகள் இருவரும் தோல் உரிந்த காயங்களோடு தப்பினர்.

மருத்துவமனையில் யாம் அவரைக் கண்டபொழுது அவர் கேட்ட முதற்கேள்வி இது: "அந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?" ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குச் சொல் சொல்லிக் கொடுத்த எமக்கு, அதற்கு விடையாக ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

இனி நம் ஆகமம் சொல்வதைப் பார்ப்போம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கொலைக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, உயிர் நீங்கியது என்ற விளைவை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைக்கின்றார். முனிவர்கள் நான்கு முழ அளவு முன்னே தரையைப் பார்த்து நடக்கும் ஈரியா சமிதி இவ்விழிப்பிற்கான பயிற்சியே. மதுவை நாம் ஏன் நீக்கினோம் என்று பிள்ளைகள் கேட்டால், நொதித்தலில் பிறந்து மடியும் எண்ணற்ற நுண்ணுயிர்களைக் காரணம் காட்டுவோம். அது மெய்யே. ஆனால் அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அதற்கு முன்பாகவே மற்றொன்றைக் கூறுகின்றார். மது மனத்தை மயக்கும். மயங்கியவன் அறத்தை மறப்பான். மறந்தவன் கூசாமல் உயிர்க்கு ஊறு செய்வான் என்பது அவர் காட்டும் வரிசை. அவர் காலத்தில் மோட்டார் வண்டி இல்லை. மயங்கியவன் கைக்கு எட்டிய தொலைவிலேயே ஊறு செய்ய முடிந்தது. இன்று அவன் கையில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் விரையும் இரும்பு இருக்கின்றது.

மருத்துவர்கள் கூறுவதும் இவ்வரிசைக்கு மாறானதன்று. மது முதலில் தாக்குவது தீர்ப்புக் கூறும் அறிவை. கால்கள் தள்ளாடுவது பின்னரே. ஆகையால், "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகவே ஓட்டுவேன்" என்ற எண்ணமே மதுவின் முதல் வேலை. அளவிடும் கோலையே அது வளைத்துவிடுகின்றது. எதிரில் வருவதை எடைபோட்டுத் தன்னைத் தடுத்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதையொட்டியே முதிர்ச்சி அடைகின்றது என்கின்றனர். முதிராத அறிவு, பழகாத கை, இரவின் தூக்கம் ஆகிய மூன்றோடு மதுவும் சேர்ந்தால் சிறிதளவே போதும். சட்டம் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமை எல்லையாக வைத்திருக்கின்றது. "முகம் கழுவினேன், காப்பி குடித்தேன், தெளிந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றான் எம் பேரன். நீரும் காப்பியும் உறக்கத்தை ஓட்டலாம். இரத்தத்தில் கலந்த மதுவை ஈரல் தன் போக்கில்தான் நீக்கும், அதற்கு மணிக்கணக்காகும்.

இவையெல்லாம் உடலின் காரணங்கள். எம்மை உறங்கவிடாத காரணம் வேறு.

சில வாரங்கள் கழித்து அவனை அருகில் இருத்திக் கேட்டோம். "ஏன் குடித்தாய்?" என்று கேட்கவில்லை. அதற்கு விடை எமக்கு ஓரளவு தெரியும்; பதினேழு வயதில் கூட்டத்தினின்று பிரிந்து நிற்பது கொடிது. அவனுக்கு அதன் சுவைகூடப் பிடிக்கவில்லையாம். "அந்த நேரத்தில் ஏன் புறப்பட்டாய்? அங்கேயே உறங்கியிருக்கலாமே, எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டோம். அவன் தலை நிமிராமல் சொன்னான்: "கலசம் எடுக்க வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பீர்கள், பாட்டி. குடித்தேன் என்று நம் வீட்டில் எப்படிச் சொல்ல முடியும்? அதைவிட ஓட்டிக்கொண்டு வருவது எளிதாகத் தோன்றியது."

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். துணிச்சலாலும் கொண்டாட்டத்தாலும் ஓட்டும் பிள்ளைகள் உண்டு. ஆனால் எம் பேரனை ஓட்ட வைத்தது அச்சம். எந்த அச்சத்தை ஒழுக்கத்தின் வேலியென்று எண்ணி யாம் வளர்த்தோமோ, அதே அச்சம் அவனை வீட்டிலிருந்து உதவி கேட்க விடாமல் சாலைக்குத் தள்ளியது. மது, மாமிசம், தேன் மூன்றையும் நீக்குவது சிராவகனின் மூலகுணம் என்று அவன் ஐந்து வயதிலேயே ஒப்பித்தான். ஒப்பிக்கச் செய்ததோடு யாம் நிறுத்திவிட்டோம். பயிற்சி நிறுவனத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில், ஒரு மாணவி எழுந்து குறும்பு செய்வாள், மற்றொருத்தி ஆசிரியையாக நின்று சமாளிப்பாள். இவ்வாறு பலமுறை செய்து பழகிய பின்னரே வகுப்பறைக்கு அனுப்புவோம். "வேண்டாம்" என்று நண்பர் நடுவே சொல்வது அதைக் காட்டிலும் அரிய பாடம். அதனைச் செய்து பழக எம் பேரனுக்கு ஒருமுறையேனும் வாய்ப்பளித்தோமா? இல்லை.

விபத்து நிகழ்ந்த அன்று காலை நடந்ததையும் மறைக்காமல் எழுதுகின்றோம். செய்தி அறிந்து உறவினர் கூடினர். ஒருவர் தணிந்த குரலில், "இவனுக்கு உரிமம் இல்லை; இவன் தந்தை ஓட்டினார் என்று சொல்லிவிட்டால் என்ன? குடும்பத்தின் பெயரும் நிற்கும், நம் சமயத்தின் பெயரும் நிற்கும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் உபகூகனம் ஒன்றல்லவா, அறவோரின் குறையை மறைத்தல் அல்லவா என்று எம் மனமும் ஒரு நொடி சாத்திரம் தேடியது. அரை மணி நேரம் யாம் வாய் திறக்கவில்லை. அவ்வரை மணியை இன்றளவும் பிரதிக்கிரமணத்தில் சொல்லிச் சொல்லி வருந்துகின்றோம். இறுதியில் பேசியது யாம் அல்லோம், பேரனே. காவல் அலுவலர் கேட்டதும், "நான்தான் ஓட்டினேன்" என்றான்.

அவன் அவ்வாறு சொல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஓராண்டு கழித்து நாடே கண்டது. 2024 ஆம் ஆண்டு மே 19 ஆம் நாள் பின்னிரவில் புனே நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில், பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, இருசக்கர வண்டியில் சென்ற 24 வயதுப் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். அவனும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டாடச் சென்றவனே. ஒரு நாள் கழியுமுன், சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு சிறார் நீதிக் குழுமம் பிணை வழங்கியதைக் கேட்டு நாடு கொதித்தது. எம்மை உறுத்தியது கட்டுரை அன்று. கட்டுரையின் பயனும் எல்லையும் ஆசிரியர்களுக்குத் தெரியும். பெரியவர்கள்மேல் எழுந்த குற்றச்சாட்டுகளே எம்மை உலுக்கின. சிறுவனின் இரத்த மாதிரிக்குப் பதிலாகத் தாயின் இரத்தம் வைக்கப்பட்டது என்றும், குடும்பத்தின் ஓட்டுநரைப் பழியை ஏற்கும்படி வற்புறுத்தி அடைத்து வைத்தனர் என்றும் காவல்துறை வழக்குத் தொடுத்தது. பெற்றோர், பாட்டனார், மருத்துவர்கள் எனப் பலர் கைதாயினர். அச்செய்தியைப் படித்தபொழுது எம் கூடத்தில் ஒலித்த அத்தணிந்த குரலே எம் செவியில் மீண்டும் கேட்டது. அவர்களிடம் பொருள் மிகுதி, நம்மிடம் குறைவு, வேறுபாடு அவ்வளவே.

உபகூகனம் என்பது குற்றத்திற்குத் திரை போடுவதன்று. ஊர் நகைக்கப் பழி தூற்றாமல், தவறியவனைத் தனியே அழைத்துத் திருத்துவது அது. அதனை அடுத்து வரும் உறுப்பு ஸ்திதிகரணம், வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தல். அதற்குச் சான்றாக நம் நூல்கள் காட்டும் வாரிஷேண முனிவர், உடன் துறவு பூண்ட புஷ்பதாலரின் மனம் பன்னிரண்டு ஆண்டுகளாக இல்லத்தையே நாடியிருந்ததை உணர்ந்தபொழுது இடித்துரைக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. அவரை அழைத்துக்கொண்டு தம் அரண்மனைக்கே நடந்தார். தாம் விட்டு வந்தவற்றைக் காட்டி, வேண்டுமாயின் எடுத்துக்கொள்ளும் என்றார். வழுவியவர் தாமே நாணித் தெளிந்தார். உடன் நடந்ததே அங்கு உபதேசம்.

வினை வரும் வாயில்கள் மூன்று என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் சொல்லும். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல். நாட்டின் சட்டமும் இதையொட்டியே அமைந்திருப்பது வியப்பு. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கம். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது நிரம்பும் வரை உரிமம் இல்லை. வண்டி எம் பெயரில் இருந்ததால் நீதிமன்றத்தில் நின்றவர் யாமே. அபராதத்தோடு, அன்று நீதிமன்றம் கலையும் வரை அங்கேயே இருத்தல் வேண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டது. எம்மிடம் பயின்ற ஆசிரியை ஒருவர் வேறு வழக்கிற்காக வந்திருந்தார். எம்மைக் கண்டு எழுந்து வணங்கி, "அம்மா, தாங்கள் இங்கே?" என்றார். "உடன்பட்டதற்காக" என்றோம். அவருக்கு விளங்கியிருக்காது.

அவ்வம்மையாருக்கு உரிய மருத்துவச் செலவும் இழப்பீடும் கொடுத்தோம். ஆனால் அவர் அவ்வாண்டு உப்புப் பருவம் முழுவதையும் இழந்தார். இன்றும் பாத்தியில் நெடுநேரம் நிற்க அவரால் இயலவில்லை. பேரன் கல்லூரிக்குப் பேருந்தில் செல்கின்றான். திங்கள்தோறும் மரக்காணம் சென்று அவரைக் கண்டு வருகின்றான். என்ன பேசுவான் என்று யாம் கேட்பதில்லை.

எம் இல்லத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். வீட்டுப் பிள்ளை எவரேனும், எந்த நேரத்திலும், எந்த நிலையிலும் அழைத்து "வந்து அழைத்துச் செல்லுங்கள்" என்று சொல்லலாம். வருபவர் வழியில் ஒரு கேள்வியும் கேட்கலாகாது. பேச வேண்டியதை மறுநாள் காலை பேசலாம். இது பிள்ளைகளுக்கு இடங்கொடுப்பதாகும் என்று எம் மகன் முதலில் மறுத்தான். மூத்தவர் சிலர் இன்னமும் எம்மைக் கடிந்து கொள்கின்றனர். விரதத்தைத் தளர்த்திவிட்டீர்கள் என்கின்றனர். விரதம் தளரவில்லை. மதுவுக்கு உரிய தடை எம் வீட்டில் அப்படியே இருக்கின்றது. வண்டிச் சாவி இப்பொழுது பூட்டிய பேழையில் இருக்கின்றது.

சென்ற ஆண்டு, பொதுத்தேர்வு முடிந்த இரவில், எம் மகள் வயிற்றுப் பேத்தி அழைத்தாள். மணி ஒன்றிருக்கும். அவள் குடிக்கவில்லை, அவளை வீட்டில் விடுவதாகச் சொன்ன தோழி குடித்திருந்தாள். கடற்கரையருகே ஒரு வீட்டு வாசலில் நான்கு பெண்பிள்ளைகள் நின்றிருந்தனர். எம் மகன், மறுத்த அதே மகன், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தான். யாமும் உடன் சென்றோம். நால்வரையும் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ஒருத்தி காருக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். மகன் எம்மைத் திரும்பிப் பார்த்தான். யாம் சாளரக் கண்ணாடியை இறக்கினோம். மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கையில் இருளில் இரண்டு மூன்று கைவிளக்குகள் சாலையோரமாக அசைந்து சென்றன. மகன் வேகத்தைக் குறைத்து, அவை பின்னால் செல்லும் வரை மெதுவாகவே ஓட்டினான்.